பழைய போட் எஞ்சின் மூத்திரம் பெய்யுது எண்டு நம்பி வாங்கிடாதேங்கோ!

[காட்சி: எஞ்சினின் பின்பக்க ஓட்டையால் தண்ணி பீச்சுது]

வணக்கம் மக்களே. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் விக்கிறவை எல்லாரும் முதல்ல காட்டுறது இதைத்தான். "பாருங்கோ தம்பி, என்ன மாதிரிப் பீச்சுது!" எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி மேல வருது எண்டதை மட்டும்தான் இது சொல்லும். அந்தத் தண்ணி காணுமா, அதை ஏத்துற பம்ப் அடுத்த மாசமும் இருக்குமா எண்டு சொல்லாது. அதால வாங்கின கையோட இம்பெல்லரை, அதுதான் பம்புக்குள்ள சுத்துற றப்பர் இறகுச் சில்லை, மாத்துங்கோ.

[காட்சி: கீழ்ப்பாகம் கழட்டி, பம்ப் திறந்தபடி]

கியர் கம்பியை விடுவிச்சு, போல்டுகளைக் கழட்டினா கீழ்ப்பாகம் இறங்கும். உப்புப் பிடிச்ச போல்டோட மல்லுக்கட்டாதேங்கோ, முறிஞ்சிடும். துரு இளக்கிற ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கோ.

இப்ப இம்பெல்லர் இருக்கிற இந்தப் பம்ப் கோப்பையைப் பாருங்கோ. தண்டு நடுவில இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கு. அதாலதான் றப்பர் இறகு ஒரு பக்கம் மடங்கி, மற்றப் பக்கம் விரிஞ்சு, தண்ணியை உறிஞ்சித் தள்ளுது. என்ன மூளை பாருங்கோ! ஆனா மாரி முழுக்கக் கொட்டிலுக்குள்ள கிடந்த எஞ்சினில, ஈரத்தில மடிச்சுக் காயவிட்ட பனையோலை மாதிரி இறகு மடிஞ்சபடியே நிண்டிடும். இறகு ஒண்டு உடைஞ்சிருந்தா துண்டைத் தேடி எடுத்தே ஆகவேணும், இல்லாட்டி அது மேல போய்த் தண்ணிப் பாதையை அடைக்கும்.

திருகோணமலையில சல்லி, நிலாவெளிப் பக்கம் மணல் கரையால போட் இறக்கிறவை கோப்பையையும் நகத்தால தடவுங்கோ. பம்ப் மணலையும் சேர்த்து உறிஞ்சும். கீறலில நகம் தட்டுப்பட்டா கோப்பையும் புதுசு போடவேணும்.

பூட்டேக்க தண்டை மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாச் சுத்திக்கொண்டு மூடியை அமத்துங்கோ, இறகு சரியான பக்கம் மடியும். இம்பெல்லரைத் தண்டோட பிடிச்சு வைக்கிற அந்தக் குட்டிச் சாவித் துண்டு கிறீஸ் பூசாட்டி வழுக்கி விழும். மணலில விழுந்தா தேடி முடியாது!

கியர் ஒயில்: இரவு நிக்கவிட்டு, காலமை கீழ் ஸ்குறூவைக் கொஞ்சம் இளக்குங்கோ. தண்ணி இருந்தா அதுதான் முதல் வரும். ஒயில் பால்தேத்தண்ணி நிறம் எண்டா, தண்ணி உள்ள வராம மறிக்கிற சீல் போயிட்டுது. காத்தாடியை (புறொப்பெல்லரை) கழட்டிப் பாருங்கோ, தண்டில சுத்தின தங்கூசி நூல்தான் அனேகமா அதை அறுத்திருக்கும். புது ஒயிலைக் கீழ் ஓட்டையால ஏத்தி, மேல் ஓட்டையால வழிஞ்சதும் முதல்ல மேல் ஸ்குறூவை இறுக்குங்கோ.

காபரேட்டர் ஜெட்டை, அதுதான் பெற்றோல் போற சின்ன ஓட்டையை, கட்டாயம் துப்பரவாக்குங்கோ. டூ ஸ்ட்ரோக்கில ஒயிலும் பெற்றோலோடதான் உள்ள போகுது. ஜெட் அரைவாசி அடைச்சா சூடு கூடும், ஒயிலும் குறையும். பிஸ்டன் இறுகிடும். கலவை 50:1 எண்டா 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லி ஒயில், அதுவும் போட் டூ ஸ்ட்ரோக் ஒயில் மட்டும். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் கணக்கு வேற, அதின்ர புத்தகத்தைப் பாருங்கோ.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்லதண்ணி பரலுக்குள்ள 10 நிமிசம் ஓடவிடுங்கோ. உவர்க் கிணத்துத் தண்ணி சரிவராது.

[காட்சி: மூண்டு ஸ்பார்க் பிளக்]

பிளக் நுனி பிஸ்கட் நிறம் எண்டா நல்லது. கறுத்து நனைஞ்சா ஒயிலோ பெற்றோலோ கூட. வெளிறினா சூடு. ஒண்டு மட்டும் கழுவி விட்ட மாதிரிப் பளிச்செண்டு இருந்தா, சந்தோசப்படாதேங்கோ, எஞ்சின் தலைக்குக் கீழ இருக்கிற ஹெட் கேஸ்கட்டால தண்ணி உள்ள போகுது. உங்கட பிளக் என்ன நிறம்? கழட்டிப் பார்த்திட்டுக் கொமண்டில போடுங்கோ.