ஜெராக்ஸ் கம்பெனிக்கு மானிடவியல் படித்தவர் எதற்கு?

வணக்கம்! மானிடவியலில் பட்டம் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் உடனே வரும் கேள்வி: "படிச்சிட்டு என்ன பண்ணுவே?" அதற்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் அருமையான பதில் வைத்திருக்கிறது. ஸ்கிப் பண்ணாமல் பாருங்கள்.

படிப்பு என்னவென்று சட்டென்று முடித்துவிடுகிறேன். மனித உடலும் பரிணாமமும், தொல்லியல், மொழி, பண்பாடு. சில பல்கலைக்கழகங்களில் நான்கும் உண்டு, சிலவற்றில் பண்பாடு மட்டும்தான். பாடத்திட்டத்தைப் பார்க்காமல் சேராதீர்கள். எலும்பு ஆசையில் போய் உறவுமுறை வரைபடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்!

சரி, கதைக்கு வருவோம். 1980களின் தொடக்கம், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையம். மெஷினில் பெரிதாக ஒரு பச்சை பட்டன். அமுக்கினால் போதும் என்று விளம்பரம். ஒன்றும் புரியவில்லை என்று வாடிக்கையாளர்கள் புலம்பல். அங்கே இருந்த மானிடவியல் ஆய்வாளர் லூசி சச்மன் என்ன செய்தார்? ஆட்களை ஜோடி ஜோடியாக மெஷின் முன் நிறுத்தி கேமராவை ஓடவிட்டார். தனி ஆள் என்றால் மனதுக்குள்ளேயே குழம்புவார். கூட ஒருவர் இருந்தால் வாய்விட்டுப் பேசித்தானே ஆகவேண்டும்? என்ன மூளை பாருங்கள்!

அந்த வீடியோ ஒன்றில் இருபுறமும் நகல் எடுக்கத் தெரியாமல் திணறுபவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர், 1975இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது வாங்கியவர். அவருக்கே இந்தக் கதி என்றால் தப்பு ஆள் மேலா, மெஷின் மேலா? மனிதர் சொல்வதோடு நிற்காமல் செய்வதையும் கவனிக்கிற இந்தப் பழக்கத்துக்குத்தான் இன்று யூஎக்ஸ் ஆய்வு (பயனர் அனுபவ ஆய்வு) என்ற பெயரில் டெக் கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன.

அப்புறம் பத்திரிகைத் துறை. ஜில்லியன் டெட், தஜிகிஸ்தான் திருமணச் சடங்குகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு நிதிச் செய்தியாளராகி, 2008 உலக நிதிச் சரிவுக்கு முன்பே ஆபத்தை எழுதினார். தடயவியல் பிடிக்குமா? அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி கொன்று புதைத்தவர்களை எலும்புகளை வைத்து அடையாளம் காண, 1984இல் அமெரிக்க தடய மானிடவியல் நிபுணர் கிளைட் ஸ்னோவுடன் குழிகளில் இறங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

ஆனால் ஒன்று, தடயவியலுக்கும் பேராசிரியர் வேலைக்கும் இளநிலைப் பட்டம் போதாது, மேலே படிக்கவேண்டும். இளநிலையோடு வேலைக்குப் போவதென்றால் புள்ளியியலும் இன்னொரு மொழியும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். புள்ளியியல் என்றதும் ஓடிவிடாதீர்கள்! உங்களுக்கு எலும்பா, சடங்கா, மெஷினா? கமெண்டில் சொல்லுங்கள், அதிக ஓட்டு விழுவதற்கு அடுத்த வீடியோ.