லே-யில மூணாவது நாள்: இன்னும் ஏன் ரூமை விட்டுக் கிளம்பல?

வணக்கம் மக்களே. லடாக்ல இருக்கற லே-க்கு வந்து இது மூணாவது காலை. ஜன்னலோரம் உட்கார்ந்து பேசறேன். வெளியில வெயில் சுள்ளுன்னு அடிக்குது, நிழல்ல கால் வெச்சா நடுங்குது. பாங்காங் ஏரி வீடியோ எப்போன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இன்னும் போகலைங்க. ஏன் போகலைன்னு சொல்லத்தான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன்.

முதல்ல இதைப் பாருங்க. அம்மா கரூர்ல கட்டிக் கொடுத்த முறுக்கு பாக்கெட். கடையில சீல் பண்ணினப்போ சப்பையாத்தான் இருந்துச்சு. இப்போ தலையணை மாதிரி உப்பி நிக்குது, விரலால தட்டினா டம்டம்னு சத்தம் வருது. உள்ளே இருக்கறது கரூர் காத்து. வெளியில இருந்து அதை அழுத்தற காத்து இங்கே குறைஞ்சுபோச்சு, அதான் உப்பிடுச்சு.

மேல போகப் போக காத்துல ஆக்சிஜன் இருக்காதுன்னு சொல்வாங்க இல்லையா? காத்துல ஆக்சிஜனோட பங்கு கரூர்லயும் 21 சதவீதம்தான், இங்கேயும் 21தான். குறையறது அழுத்தம். லே இருக்கறது சுமார் 3,500 மீட்டர் உயரத்துல. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். இங்கே காத்தழுத்தம் கடற்கரையில இருக்கறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு. அப்போ நெஞ்சு நிறைய நான் இழுக்கற மூச்சுலயும் மூணுல ரெண்டு பங்கு ஆக்சிஜன்தான் உள்ளே போகுது. டெல்லியில விமானம் ஏறினா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான், இங்கே வந்து இறங்கிடறோம். உடம்புக்கு யாரும் முன்கூட்டி தகவல் சொல்றதில்லை.

ஆனா உடம்பு கண்டுபிடிச்சிடுது. கழுத்துல நாடி பார்க்கற இடம் இருக்கு பாருங்க, தாடைக்குக் கீழ, ரெண்டு பக்கமும். அங்கே ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியற இடத்துல அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன உறுப்பு இருக்கு. கரோட்டிட் பாடின்னு பேர். அந்த வழியா போற ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா அதுதான் மூளைக்குச் சொல்லும், வேகமா மூச்சு விடுன்னு. இந்த இடத்தோட வேலையைக் கண்டுபிடிச்சதுக்காக கோர்னே ஹேமன்ஸ்ங்கற பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானிக்கு 1938-ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைச்சது. நான் விமானத்துல இருந்து இறங்கின சில நிமிஷத்துலயே இந்த அரிசி மணி வேலையை ஆரம்பிச்சிருக்கும். இதயமும் சேர்ந்து வேகமா அடிக்க ஆரம்பிக்குது. ஊர்ல சும்மா உட்கார்ந்திருந்தா என் நாடி 70 இருக்கும், முதல் நாள் இங்கே 98.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த இடமும் இதுதான். வேகமா மூச்சு விட்டா ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலா உள்ளே வரும், சரி. கூடவே கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போயிடும். மூச்சை நடத்தற மூளைப் பகுதி சாதாரணமா கணக்கு வெச்சுக்கறது ஆக்சிஜனை இல்லைங்க, கார்பன் டை ஆக்சைடை. அது குறைஞ்சதும் "போதும், நிறுத்து"ன்னு சொல்லிடும். கழுத்து விடுன்னு சொல்லுது, மூளை நிறுத்துன்னு சொல்லுது. பகல்ல இது தெரியறதில்லை. ராத்திரிதான் தெரியுது.

முதல் ராத்திரி போனைத் தலைமாட்டுல வெச்சு ரெக்கார்டு பண்ணினேன். கொஞ்சம் கேளுங்க... நாலஞ்சு மூச்சு ஆழமா, சத்தமா. அப்புறம் ஒண்ணுமே இல்லை. பத்து விநாடிக்கு மேல போகுது. திரும்ப ஒரு பெரிய மூச்சு. தண்ணிக்குள்ள இருந்து தலையைத் தூக்கின மாதிரி நான் எழுந்து உட்கார்ந்தது அந்த நேரத்துலதான். பயந்துட்டேன். உயரமான இடத்துல முதல் சில ராத்திரி இப்படி மூச்சு விட்டு விட்டு வர்றது நிறைய பேருக்கு நடக்கும். எனக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவ்வளவு பதறியிருக்க மாட்டேன், அதான் உங்களுக்குச் சொல்றேன்.

இந்த இழுபறியைத் தீர்த்து வைக்கறது கிட்னி. கார்பன் டை ஆக்சைடு நிறைய போயிட்டதால ரத்தத்துல கூடிப்போன காரத்தை, பைகார்பனேட்டை, சிறுநீர்ல வெளியே தள்ளும். அதுக்கு ரெண்டு மூணு நாள் பிடிக்கும். ராத்திரி அந்தக் குளிர்ல மூணு தடவை எழுந்து பாத்ரூம் போனேன், எரிச்சலா இருந்துச்சு. ஆனா உடம்பு இந்த ஊருக்குப் பழகிட்டு இருக்குங்கறதுக்கு அது நல்ல அறிகுறி. டயாமாக்ஸ்னு ஒரு மாத்திரை சொல்வாங்க இல்லையா, அதுவும் கிட்னியோட இதே வேலையைத்தான் சீக்கிரமா நடத்துது. டாக்டர்கிட்ட கேட்காம போடாதீங்க, முக்கியமா சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க.

ரத்தத்துல சிவப்பணு கூடறது வேற கதை, அதுக்கு வாரக்கணக்காகும். ஆக்சிஜன் குறையறதை ஒவ்வொரு செல்லும் எப்படித் தெரிஞ்சுக்குதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2019-ல நோபல் கொடுத்தாங்க. அதுக்குத் தனி வீடியோவே போடலாம்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். இதோ, என் விரல்ல மாட்டியிருக்கேன் பாருங்க, ஆக்ஸிமீட்டர், ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டற கருவி. இது 2021 மே மாசம் எங்க வீட்டுல வாங்கினது. பேட்டரி மூடி உடைஞ்சு டேப் ஒட்டியிருக்கு. அப்போ அப்பாவுக்கு கொரோனா. திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தார். விரல்ல மாட்டினா 84 காட்டுது. மெஷின் தப்புன்னு நினைச்சு என் விரல்ல மாட்டினேன், 98. திரும்ப அப்பாவுக்கு மாட்டினேன், 83. "எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்"னு சொல்றார். மூச்சு வாங்கல, நெஞ்சைப் பிடிக்கல. அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில சேர்த்தோம், 11 நாள் ஆக்சிஜன்ல இருந்தார். நல்லபடியா வீடு வந்துட்டார்.

அந்த "நல்லாத்தானே இருக்கேன்" எனக்கு ரொம்ப நாளா புரியவே இல்லை. இப்போ புரியுது. மூச்சு முட்டுதுங்கற தவிப்பைக் கொடுக்கறது பெரும்பாலும் உள்ளே சேர்ற கார்பன் டை ஆக்சைடு. அது ஒழுங்கா வெளியே போயிட்டு இருந்தா, ஆக்சிஜன் நல்லா இறங்கினாலும் சிலருக்கு அந்தத் தவிப்பு பெருசா வர்றதில்லை. குறையறதைப் புரிஞ்சுக்க வேண்டிய மூளையே ஆக்சிஜன் இல்லாம மந்தமாகுது.

1875 ஏப்ரல் 15. பிரான்ஸ்ல மூணு பேர் 'ஜெனித்'ங்கற பலூன்ல மேல போனாங்க. ஆக்சிஜன் பைகளைத் தலைக்கு மேல கட்டித் தொங்க விட்டிருந்தாங்க, கை எட்டற தூரம்தான். 8,000 மீட்டரைத் தாண்டிட்டாங்க. குழாயை எடுத்து வாயில வைக்கணும்னு நினைச்சப்போ கை தூக்க வரல. காஸ்டோன் டிசாண்டியே ஒருத்தர்தான் உயிரோட இறங்கினார். கூட இருந்த ரெண்டு பேரும், சிவெல், குரோசே-ஸ்பினெல்லி, பலூன்லயே இறந்துட்டாங்க. அந்த உயரத்துல வலியோ பயமோ தெரியல, உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்தான் இருந்துச்சுன்னு டிசாண்டியே பின்னாடி எழுதியிருக்கார். அதைப் படிச்சப்போ எனக்கு அப்பாவோட திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

நான் இங்கே இருக்கறது அவ்வளவு உயரம் இல்லை, தெரியும். ஆனாலும் ஒண்ணு காட்டறேன். முதல் நாள் சாயங்காலம் எடுத்த வீடியோ இது. நேத்து எடிட் பண்ண உட்கார்ந்தப்போதான் கவனிச்சேன். "இந்த வீட்டுக்குப் பின்னாடி பாப்ளர் மரங்க இருக்கு"ன்னு சொல்றேன். ஒரு நிமிஷம் கழிச்சு அதையே சொல்றேன். மறுபடியும் அதையே, புதுசா சொல்ற மாதிரி. பேசும்போது எனக்கு ஒரு துளி சந்தேகம் வரல. விடிகாலை விமானம், தூக்கமும் இல்லை, அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா அதே சாயங்காலம்தான் சாந்தி ஸ்தூபா படிக்கட்டு ஏறலாம், உடம்பு ஜம்முன்னு இருக்குன்னு கிளம்பினேன். இந்த வீட்டு அம்மா, ஆமா-லேன்னுதான் இங்கே கூப்பிடறாங்க, வாசல்லயே கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. ஒரு கிண்ணம் குர்குர் சாயைக் கையில கொடுத்து, உப்பும் வெண்ணெயும் போட்ட டீ, "இன்னைக்கு உட்காரு, நாளைக்கும் உட்காரு"ன்னாங்க.

அவங்க எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னு தெரிஞ்சுக்கணும். நுரையீரல்ல ஒரு பக்கம் சளி அடைச்சு அங்கே ஆக்சிஜன் இல்லைன்னா, அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் சுருங்கி, ரத்தத்தை நல்லா இருக்கற பக்கம் திருப்பி விடும். அருமையான ஏற்பாடு. ஆனா இந்த உயரத்துல நுரையீரல் முழுக்கவே ஆக்சிஜன் குறைச்சல், குழாய் எல்லாமே சுருங்குது. அழுத்தம் ஏறி, சிலருக்கு நீர் கசிஞ்சு நுரையீரல்ல தேங்கிடும். பெரும்பாலும் ரெண்டாவது ராத்திரியில இருந்து நாலாவது ராத்திரிக்குள்ள. 1962 போர்ல சமவெளியில இருந்து நேரா மலைக்குக் கொண்டு வந்த நம்ம சிப்பாய்கள்ல நிறைய பேர் இப்படி அவதிப்பட்டாங்க. நம்ம ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் அவர் குழுவும் மலைநோய் வந்த 1,925 வீரர்களைப் பார்த்து 1969-ல எழுதின கட்டுரையை இன்னைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டறாங்க. 48 மணி நேரம் ஓய்வு எடுங்கன்னு இங்கே எல்லாரும் சொல்ற விதிக்குப் பின்னாடி அத்தனை பேரோட உடம்பு இருக்கு.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, வறட்டு இருமல் விடாம வந்தா, நேர்கோட்டுல நடக்க முடியாம தள்ளாடினா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ஆக்சிஜன் வேணும், கீழ இறங்கணும். லே-யில இன்னொரு கஷ்டம் என்னன்னா, ஸ்ரீநகர் ரோட்டுல போனா 4,108 மீட்டர் ஃபோட்டு லா கணவாய், மணாலி பக்கம் போனா அதைவிட உயரம். இங்கே இருந்து ரோட்டுல சமவெளிக்கு இறங்கணும்னா வழியில இதைவிட உயரமா ஏறித்தான் ஆகணும். அதனால சந்தேகம் வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. கூட வந்தவங்க "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.

சரி, இன்னைக்கு நம்பர் பார்க்கலாமா? விரல் சில்லுன்னு இருந்தா இது தப்பா காட்டும், நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான். கொஞ்சம் தேய்ச்சுக்கறேன்... முதல் நாள் 85, நேத்து 88. இப்போ... 90. 91. நாடி 80.

பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல. போற வழியில சாங் லா கணவாய் 5,300-க்கும் மேல. இன்னும் ஒரு ராத்திரி இங்கேயே தூங்கிட்டு, காலையில நம்பர் பார்த்துட்டு ஆமா-லே-கிட்ட கேட்கணும். அவங்க சரின்னா கிளம்பறேன்.