போஸ்ட் மாஸ்டர் மாமாவின் வலைப்பக்கம்

(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம். விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் தமிழ்ப் பேராசிரியர் ஐயா அவர்களே, பெண்கள் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் அண்ணன் அவர்களே, இந்த நாற்காலிகளைக் காலையிலிருந்து தானே இழுத்துப் போட்ட நூலகர் அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே. சிரிக்காதீர்கள், அந்தத் தம்பி மனது வைத்தால்தான் நான் பேசவே முடியும்.

தலைவருக்கு இன்று முகூர்த்த நாள். இரண்டு கல்யாணம், ஒரு கடை திறப்பு எல்லாம் முடித்துவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல் நேராக இங்கே வந்திருக்கிறார். அவருக்கு ஒருமுறை கைதட்டலாம். தலைமையாசிரியர் அம்மா பிளஸ் ஒன் மாணவியரை அழைத்து வந்து கடைசி இரண்டு வரிசையை நிரப்பியிருக்கிறார். அவர்களுக்கும் ஒருமுறை. பேராசிரியர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்: அவர் பேசக் கேட்டுத்தான் எனக்கு மேடை ஆசையே வந்தது. ஆகவே இன்று நீங்கள் படப்போகும் பாட்டுக்கு அவரும் ஒரு காரணம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘இணையமும் நம் அன்றாடமும்’. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, மீம். இரண்டு, இணையத்தில் எப்படிப் படிக்கிறோம், எப்படிக் கேட்கிறோம். மூன்று, அங்கே எழுதியதெல்லாம் கடைசியில் எங்கே போகிறது. அரை மணியில் முடிப்பதாகச் செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன் என் வழக்கமான பழமொழி. என் கூட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், இதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்குவதில்லை. சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

முதலில் மீம். 2019 மே மாதக் கடைசி. டெல்லியில் புதிய அரசு பதவியேற்கும் நேரம். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு கட்டடப் பொறியியல் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, ‘உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டிருந்தார்கள். நம்மாள் ஒருவர் போய்ப் பதில் எழுதினார்: இதற்குப் பெயர் சுத்தியல், இதால்தான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் அடிபட்டது என்று. 2001-ல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு வாங்கிய அடி அது. இன்னொருவர் அக்கறையாக, ‘இப்போது எப்படி இருக்கிறார்?’ என்று கேட்க, ஊரே சேர்ந்து நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்ய, ட்விட்டரில் உலக அளவில் அது முன்னணிக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள், யாரோ பெரிய தலைவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றே நினைத்துக்கொண்டார்கள். பின்வரிசை மாணவியருக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் தொடக்கத்துக் கேள்வியையும் பதிலையும் இன்றைக்குத் தேடி எடுத்துக் காட்டுங்கள் என்றால் எத்தனை பேரால் முடியும்? நம்மிடம் மிஞ்சியது ஸ்கிரீன்ஷாட்டின் ஸ்கிரீன்ஷாட். மீமின் நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சிறு ஆராய்ச்சி குறித்து வந்திருக்கிறேன். அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது, ஆர்.எஸ்.எஸ். தலைவர் நிமிர்ந்து பார்க்கிறார். ஐயா, இது கட்சிக்காரர் சமாசாரம் இல்லை, கணினிக்காரர் சமாசாரம். ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று அந்தத் தளமே எழுதி வைக்கும் சின்னக் கோப்பு. தமிழில் ஓடை என்கிறோம். ஒரு செயலியில் இருபது முப்பது தளங்களின் ஓடைகளைச் சேர்த்து வைத்தால், காலையில் எல்லாப் புதுப் பதிவுகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். எதை முதலில் காட்டுவது என்று எந்த நிறுவனமும் நமக்காக முடிவு செய்யாது. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி இப்படித்தான் வலைப்பதிவுகளைச் சேர்த்துக் காட்டியது. கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடினார்கள். அதோடு பலரும் ஓடையையே மறந்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வரும் பாட்காஸ்ட் இருக்கிறதே, அது பெரும்பாலும் இன்றும் இந்த ஓடையில்தான் வருகிறது. இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். உண்மையில் நான் வந்ததே அதற்குத்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் இருந்தார். தெருவுக்கே மாமா. 2003 வாக்கில் பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பிளைவுட் தடுப்பு, அதற்கு மேல் திரைச்சீலை, உள்ளே ஒரு பையன். மாமா வெள்ளை வேட்டியும் கையில் குடையுமாக முதல் நாள் உள்ளே நுழைந்தபோது எல்லாத் தடுப்பிலிருந்தும் டக் டக்கென்று மவுஸ் சத்தம் கேட்டதாம். பசங்க எதை அவ்வளவு அவசரமாக மூடினார்கள் என்று கேட்காதீர்கள்.

மாமா வந்தது அமெரிக்காவில் இருந்த மகனுக்கு மின்னஞ்சல் அனுப்ப. அந்தச் சென்டர் தம்பி, ‘சார், இலவசமா உங்க பேர்ல ஒரு பக்கமே போட்டுக்கலாம்’ என்று சொல்லிவிட்டான். விடுவாரா? ஒற்றை விரலால் தட்டித் தட்டி நம் கடைத்தெருவை எழுத ஆரம்பித்தார். மணிக்கூண்டில் தொடங்கி வரிசையாக ஒவ்வொரு கடையும். யார் வைத்தது, என்ன விற்றார்கள், எப்போது மூடினார்கள். தபால்காரராக வேலைக்குச் சேர்ந்தவர் அல்லவா, கதவு எண் உட்பட எழுதினார். கூடவே தீர்ப்பும் உண்டு. ‘காப்பி நன்று, கல்லாவில் இருப்பவர் சில்லறை தரமாட்டார்’ என்று ஒரு கடைக்கு. ‘இவர் 1971-ல் என்னிடம் இரவல் வாங்கிய குடையை இன்னும் திருப்பவில்லை’ என்று இன்னொரு கடைக்கு.

அது ஒருங்குறி, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு, பரவாத காலம். எழுதியவர் வைத்திருக்கும் எழுத்துரு படிப்பவரிடமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். மகன் அங்கிருந்து ஐ.எஸ்.டி. போட்டான்: ‘அப்பா, என்ன பாஷைல எழுதியிருக்கீங்க?’ மாமா சொன்னார்: ‘உன் தாய்மொழிதான்டா. அங்க போயி ரெண்டு வருஷத்துல மறந்துட்டியா?’ அப்புறம் எழுத்துருவை ஃபிளாப்பியில் போட்டு, அவருக்குத் தெரிந்த வழியில், பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தார்.

சில ஆண்டுகள் ஓடின. அந்த இலவசத் தளத்துக்காரர்கள், பெயர் வேண்டாம், கடையைக் கட்டப்போவதாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். மாமாவுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. ‘உங்கள் முதல் ஆசிரியர் பெயர் என்ன?’ என்று கணினி கேட்டது. மாமா இனிஷியலோடு அடித்தார். இனிஷியல் இல்லாமல் அடித்தார். பின்னால் ‘வாத்தியார்’ சேர்த்து அடித்தார். கணக்கு பூட்டிக்கொண்டது. ‘எனக்கு வாத்தியாரைத் தெரியும், அந்த மெஷினுக்கு அவரைத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?’ என்று எழுந்து வந்துவிட்டார். பிறகு அவரும் காலமாகிவிட்டார்.

போன வருடம் நம் ஊர் விழா மலர் போட்டார்கள். பழைய டூரிங் டாக்கீஸ் எண்ணெய்ச் செக்குக்குக் கிழக்கே இருந்ததா மேற்கே இருந்ததா என்று மலர்க் குழுவில் இரண்டு பெரியவர்களுக்குச் சண்டை. இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. நான் மாமா வீட்டுக்குப் போய், அவருடைய பழைய டைரியின் பின்னட்டையில் எழுதியிருந்த தள முகவரியை வாங்கி வந்து, பழைய வலைப்பக்கங்களின் பிரதியை எடுத்து வைத்திருக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் இட்டேன். இரண்டு பக்கங்கள் வந்தன. அதே கொம்பு முளைத்த எழுத்துகள். பொங்குதமிழ் எழுத்துரு மாற்றியில் ஒவ்வொரு குறியாக்கமாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்றில் தமிழ் வந்தது. ‘டூரிங் டாக்கீஸ்: செக்குக்கு மேற்கே, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில். மழை வந்தால் பாதிக் காசு திருப்பித் தருவதாகச் சொல்வார்கள், தந்ததில்லை.’ மூன்றாம் பக்கத்துக்கான சுட்டி அப்படியே இருக்கிறது, பக்கம் இல்லை. படங்களும் போய்விட்டன. சிறு துரும்பு என்று நாம் நினைத்த பக்கம் பல் குத்தவா உதவியது? மலரில் ஓர் அத்தியாயமே அதை வைத்துத்தான் எழுதினார்கள். பின்குறிப்பு: குடை இரவல் வாங்கியவரின் பேரன் நம் வட்டத்தின் பொருளாளர். முன்வரிசையில்தான் இருக்கிறார்.

இது ஒரு மாமாவின் கதை மட்டும் இல்லை. இலவசமாகப் பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. ஆர்குட் 2014-ல். கூகுள் பிளஸ் 2019-ல். யாஹூ குழுமங்கள் 2020-ல். தமிழில் எத்தனை இலக்கியச் சண்டைகள் அங்கே நடந்தன! மைஸ்பேஸ் என்ற சமூகத் தளம், 2015-க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்களை சர்வர் மாற்றத்தில் தொலைத்துவிட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது.

புத்தகத்துக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலும் எழும்பூர் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். வலைப்பக்கத்துக்கு அப்படி நாதி கிடையாது. பிரிட்டனில் 2013 முதல் அந்த நாட்டு வலைத்தளங்களையும் நூலகங்கள் சேகரிக்கின்றன. நமக்கு இப்போதைக்கு இருப்பது ப்ரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கிய அந்த இணைய ஆவணக் காப்பகம்தான். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. 2025-ல் ஒரு லட்சம் கோடிப் பக்கங்களை எட்டிவிட்டதாகக் கொண்டாடினார்கள். ஆனால் 2024 அக்டோபரில் அதையே தாக்கிச் சில நாள் முடக்கிப் போட்டார்கள். தவிர, பூட்டிய ஃபேஸ்புக் குழுவுக்குள்ளும் வாட்ஸ்அப்புக்குள்ளும் அது நுழையாது. ஆகவே நாமும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடிச் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தோடு நிறுத்தினாரா? நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம் எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. இன்று சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்தது. அதன் வலி தெரிந்தவர்கள் 2005-ல் ‘நூலகம்’ என்ற பெயரில் இணையத்தில் ஈழத்து நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சிறு துரும்பின் அருமை தெரிந்தவர்கள்.

இப்போது தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாங்கள் கட்டுகிறோம். அது நகராட்சி வழியாக மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். போகிறது என்றே நம்புகிறேன். தலைவர் சிரிக்கிறார், நல்லது. அந்தக் கணக்கில் கைவைக்கச் சொல்லவில்லை. இந்தக் கிளை நூலகத்துக்கு ஒரு ஸ்கேனரும் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் நகர்மன்றத்தின் சார்பில் வாங்கித் தாருங்கள். மேடையில் உங்களைக் கட்டிப்போடுவது முறையில்லை என்று எனக்கும் தெரியும், ஆனால் உங்களை வேறு எங்கே பிடிப்பது? ஒரு டிஸ்க் இங்கே, இன்னொன்று பள்ளியில் அம்மாவின் பீரோவில் இருக்கட்டும். மின்னல் இறங்கினாலும் ஒன்று மிஞ்சும்.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். ஒரு நிமிடம். அடுத்த சனிக்கிழமையிலிருந்து மாலை நான்கு மணிக்கு நான் இங்கே உட்கார்ந்திருப்பேன். பழைய சி.டி., ஃபிளாப்பி, யாஹூ காலத்து மின்னஞ்சல், பள்ளி ஆண்டு மலர், எதுவானாலும் கொண்டு வாருங்கள். ஃபிளாப்பி டிரைவ் என்னிடம் இருக்கிறது. வலைப்பதிவு எழுதியவர்கள் முகவரியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். காப்பகத்தில் ஏற்றுவது எப்படி என்று பிளஸ் ஒன் மாணவியருக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அவர்கள் எனக்கு மீம் சொல்லிக் கொடுக்கட்டும். பெயர் எழுத நோட்டு ஒன்று சுற்றி வருகிறது, முன்வரிசையில் பொருளாளரிடம் இருக்கிறது. பேராசிரியர் ஐயா காத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.