அம்மாவின் பெயரில் ஆடியவள்

நண்பர்களே, வணக்கம். 1934இல் கோமான்ட் பிரிட்டிஷ் கம்பெனி எடுத்த ‘எவர்கிரீன்’ படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் சினிமா பேசத் தொடங்கி ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. இயக்கம் விக்டர் சாவில். கதாநாயகி ஜெஸ்ஸி மேத்யூஸ், லண்டன் சோஹோவில் காய்கறி விற்றவரின் மகள்.

ஹாரியட் கிரீன் என்ற மேடைப் பாடகி புகழின் உச்சியில் இருக்கிறார். திருமணம் கூடிவரும் நேரத்தில், அவருடைய குழந்தைக்குத் தகப்பனானவன் வந்து பணம் கேட்டு மிரட்டுகிறான். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விடுகிறார். பல வருடம் கழித்து, அம்மாவை உரித்துவைத்தாற்போல மகள் வருகிறாள். வேலையில்லாத நடனக்காரி. விளம்பரம் செய்கிற டாமி என்ற இளைஞனுக்கு ஒரு யோசனை: ‘பழைய ஹாரியட் திரும்பி வந்துவிட்டார், அறுபது வயதிலும் வாடவில்லை!’ ஊரே நம்புகிறது. அப்புறம் இருவருக்கும் காதல். ஆனால் ஊரோ டாமியை அந்த ‘அறுபது வயது’ ஹாரியட்டின் மகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது! ஒரே வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்ல முடியாத தவிப்பு.

அந்தத் தவிப்பை வசனம் சொல்வதில்லை. தன் காதலன் கூரையில் தலைகீழாக ஆடுகிறான் என்று கற்பனை செய்யும் பாட்டு ஒன்று, அமெரிக்கப் பாட்டு ஜோடியான ரோஜர்ஸும் ஹார்ட்டும் எழுதியது. 1930இல் இந்தப் படத்துக்கு மூலமான நாடகம் லண்டனில் நடந்தபோது, அந்தப் பாட்டுக்காகத் தரையிலிருந்து மேல்நோக்கி நிற்கும் பெரிய சரவிளக்கையே மேடையில் வைத்தார்கள். படத்தில் அந்த வித்தை எதுவும் இல்லை. அவள் வீட்டுக்குள் தனியாக ஆடுகிறாள், அவ்வளவுதான். எனக்கு அதுதான் உசத்தி. வாய் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் கதையில் கால்கள் மட்டும் உண்மை பேசுகின்றன.

அந்தக் கால்களுக்குப் பின்னால் இருந்தவர் பட்டி பிராட்லி என்ற அமெரிக்கக் கறுப்பின நடன ஆசிரியர். நியூயார்க்கில் எத்தனையோ வெள்ளையின நட்சத்திரங்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தார்; பெயரை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். நாடகத் தயாரிப்பாளர் காக்ரன் அழைத்து லண்டன் வந்த பிறகுதான் அவர் உழைப்பு அவர் பெயரிலேயே வெளியே தெரிந்தது. ஜெஸ்ஸியைப் பாராட்டுகிற எல்லோரும் இவரையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

கடைசியில் அவளுக்கே பொய் சலித்துவிடுகிறது. அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் டோப்பாவைக் கழற்றுகிறாள், கிழவி வேடத்தைக் களைகிறாள். நான் இன்னாருடைய மகள் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. ஆடத் தொடங்கிவிடுகிறாள்.