பச்சை மார்க்கர், சிவப்பு மார்க்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கோடை முடியப்போகிற நேரத்தில் ஒரு சின்னப் பொருள் வீடு தேடி வரும். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டோ வங்கியோ இலவசமாகக் கொடுக்கிற காந்த அட்டை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி அந்த வருஷம் ஆடப்போகும் 12 ஆட்டங்களும் தேதிவாரியாக அதில் அச்சாகியிருக்கும். நான் இண்டியானா மாநிலத்தில் குடியிருந்தபோது என் பக்கத்து வீட்டுக்காரர், ரிட்டயர்டு தபால்காரர், அட்டை கைக்கு வந்த அன்றே இரண்டு மார்க்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இண்டியானா ஜெயிக்கும் என்றால் பச்சை, தோற்கும் என்றால் சிவப்பு. இரண்டுமே துடைத்தாலும் போகாத மார்க்கர். முதல் ஆட்டத்துக்கு அப்போது இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கும்.

2024 அட்டையில் அவர் போட்டது ஏழு சிவப்பு, ஐந்து பச்சை. ஓர் அணியின் அட்டவணை கடினமா சுலபமா என்று முன்கூட்டியே சொல்லமுடியுமா என்பதை, அந்த ஏழு சிவப்பை வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். ஃபுட்பால் என்றால் நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். அதிலும் கல்லூரி மாணவர்கள் ஆடுவது.

ஐ.பி.எல்.லில் பத்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் ஒரு முறையாவது மோதிவிடும். கல்லூரி ஃபுட்பாலில் அது நடக்கிற காரியமில்லை. 2024இல் மேல்பிரிவில் மட்டும் 134 அணிகள். ஆளுக்கு 12 ஆட்டம்தான். பிக் டென் என்று ஒரு குழு. பெயரில்தான் பத்து, உள்ளே இருப்பது 18 அணி. அதற்குள்ளேயே ஓர் அணி ஒன்பது பேரோடு மட்டும் ஆடும், மீதி எட்டுப் பேரை அந்த வருஷம் கண்ணிலேயே பார்க்காது. அதனால் ஒருவருக்கு வரிசையாக மலை ஏறுகிற மாதிரி அட்டவணை அமையும், இன்னொருவருக்குச் சமவெளி. சீசன் முடிந்ததும் 13 பேர் கொண்ட தேர்வுக்குழு உட்கார்ந்து தேசியப் போட்டிக்கு அணிகளை வரிசைப்படுத்தும்போது முதலில் கேட்பது, ‘யாரை ஜெயித்தாய்?’ என்றுதான்.

சரி, ஆட்டமே தொடங்காதபோது யார் மலை, யார் சமவெளி என்று எப்படிச் சொல்வது? ரொம்பக் காலமாகப் புழக்கத்தில் இருக்கிற வழி, எதிரணிகளின் போன வருஷ வெற்றி தோல்வியைக் கூட்டுவது. தபால்காரர் செய்ததும் அதுதான். அவர் அட்டையில் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன், வாஷிங்டன் மூன்றும் இருந்தன. 2023இல் மிச்சிகன் 15 ஆட்டத்திலும் ஜெயித்துத் தேசிய சாம்பியன். வாஷிங்டன் 14 ஜெயித்து, இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் தோற்றது. ஒஹாயோ ஸ்டேட் 11 வெற்றி, 2 தோல்வி. மூன்றும் சேர்ந்து 40 வெற்றி, 3 தோல்வி. அந்த மூன்றிலும் இரண்டு மிச்சிகன் கொடுத்த அடி. இண்டியானாவோ அதே வருஷம் 3 ஜெயித்து 9 தோற்ற அணி. பிக் டென் பத்திரிகையாளர்கள் சீசனுக்கு முன் போட்ட கணிப்பில் 18க்கு 17ஆம் இடம். இந்த அட்டையைப் பார்த்தால் யாருக்கும் சிவப்பு மார்க்கரை நோக்கித்தான் கை போகும்.

ஆனால் 40-3 என்ற கணக்கை எழுதிய ஆட்களில் பாதிப்பேர் 2024இல் அங்கே இல்லை. மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியும் போனார். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்களைப் பொறுக்கியெடுக்கிற டிராஃப்டில், ஒரே வருஷத்தில் அந்த அணியிலிருந்து 13 பேர் தேர்வானார்கள். வாஷிங்டன் கோச் கேலன் டிபோர் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கேயும் குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் கிளம்பிவிட்டார். மாணவர்கள் நாலைந்து வருஷத்தில் வெளியேறியே தீரவேண்டிய விளையாட்டு இது. இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு வந்துவிட்டது. வருஷா வருஷம் கல்லூரி மாறலாம். சட்டையின் நிறம் அதே, உள்ளே இருக்கிற பையன் வேறு. 2024 முடிவில் மிச்சிகன் 8-5, வாஷிங்டன் 6-7. இண்டியானா இரண்டையும் சொந்த மண்ணில் ஜெயித்தது. அதே மிச்சிகன்தான் நவம்பர் கடைசியில், அந்த வருஷம் சாம்பியனாகப்போகும் ஒஹாயோ ஸ்டேட்டை அதன் மைதானத்திலேயே 13-10 என்று சாய்த்தது. இந்த விளையாட்டில் கணக்குப் போடுகிறவர்களுக்குத் தூக்கம் கெடுவதற்கு இப்படி ஒன்று போதும்.

இது ஏதோ அபூர்வம் என்று நினைக்கவேண்டாம். ஆபர்ன் 2012இல் 3-9. அடுத்த வருஷமே 12-2, தேசிய இறுதி ஆட்டம். ஃபுளோரிடா ஸ்டேட் 2023இல் 13-1, அடுத்த வருஷம் 2-10. 2024 ஆகஸ்டில் யாருடைய அட்டவணையிலாவது ஃபுளோரிடா ஸ்டேட் இருந்தால் ‘ஐயோ பாவம்’ என்றார்கள். அக்டோபரில் ‘அடித்தது யோகம்’ என்றார்கள்.

அப்படியானால் வேறு எதைப் பார்ப்பது? பந்தயச் சந்தை ஒவ்வோர் அணிக்கும் இத்தனை வெற்றி என்று கோடையிலேயே ஓர் எண் வைத்துவிடும். பணம் புழங்குகிற இடம், போன வருஷக் கணக்கைவிட நிச்சயம் தேவலை. பலர் அந்த எண்களைக் கூட்டி அட்டவணையை எடைபோடுகிறார்கள். அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நல்ல அணிக்குக் கடினமான அட்டவணை அமைந்தால் அதன் எண் குறைந்துவிடும். உங்கள் கூட்டலில் அது சுமாரான எதிரணி மாதிரி தெரியும். எட்டு வெற்றி என்று போட்டிருக்கிற அணி, பத்து வெற்றி என்று போட்டிருக்கிற அணியைவிடப் பலசாலியாக இருக்கலாம். இரண்டையும் பொது மைதானத்தில் நேருக்கு நேர் நிறுத்தினால் எத்தனை புள்ளி வித்தியாசம் வரும் என்று மதிப்பிடுவதுதான் சரியான அளவுகோல். அதற்குப் பழைய குவார்ட்டர்பேக் திரும்புகிறானா, முன்வரிசைத் தடுப்பாளர்கள் ஐந்து பேரில் எத்தனை பேர் மிச்சம், கோச் பழையவரா புதியவரா என்று பார்க்கவேண்டும். இண்டியானாவின் புதுக் கோச் கர்ட் சிக்னெட்டி, தான் விட்டு வந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டஜன் பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அது காந்த அட்டையில் அச்சாகாது.

இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் மெயின் கேள்வி. கடினம் என்றால் யாருக்கு?

இரண்டு அட்டவணை வைத்துக்கொள்வோம். ஒன்றில் இரண்டு ராட்சச அணிகள், பத்து நோஞ்சான்கள். மற்றதில் 12 பேரும் நடுத்தரம். ஒரு பெரிய அணிக்கு ராட்சசர்களிடம் ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, நோஞ்சான்களிடம் நூற்றுக்கு 98 என்று வைத்தால், ஒன்றுகூடத் தோற்காமல் முடிக்க நூற்றுக்கு 20 வாய்ப்பு. நடுத்தர அணிகளிடம் ஆட்டத்துக்கு நூற்றுக்கு 90 என்றால் அது 28 ஆகிறது. ஆக, பெரிய அணிக்கு முதல் அட்டவணைதான் கஷ்டம். இப்போது சுமாரான அணியை அதே இடத்தில் உட்கார வையுங்கள். ராட்சசர்களிடம் இரண்டும் போச்சு. பத்து நோஞ்சான்களிடம் நூற்றுக்கு 60 என்றால் ஆறு வெற்றி கிடைக்கும். ஆறு வெற்றி என்றால் சீசன் முடிந்த பிறகு நடக்கும் ‘பௌல்’ (bowl) என்கிற கூடுதல் ஆட்டத்துக்குத் தகுதி. 12 நடுத்தர அணிகளிடம் நூற்றுக்கு 35 வீதம் போனால் நாலு வெற்றி, அதோடு கோச்சுக்கு வேலையும் போகும். இதே இரண்டு தாள்தான். ஆளை மாற்றினால் கஷ்டமும் இடம் மாறுகிறது. ‘நாட்டிலேயே கடினமான அட்டவணை’ என்று ஒரே பட்டியலாகப் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பட்டியலில் சேராத இன்னொன்று வரிசை. 2024இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கடைசி ஐந்து எதிரணிகள் ஜார்ஜியா, டெக்சஸ், எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்), ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்), ஃபுளோரிடா ஸ்டேட். பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தயாரிக்கிற, சீசனுக்கு முந்தைய ஏ.பி. தரவரிசையில் ஐந்துமே முதல் 13 இடங்களுக்குள். நவம்பர் மாதத்தைப் பார்த்தாலே காய்ச்சல் வரும். அக்டோபரில் முதல் குவார்ட்டர்பேக் காயம்பட்டு வெளியேறினார். அடுத்து வந்த முதலாண்டு மாணவர் டி.ஜே. லாக்வே ஜார்ஜியா ஆட்டத்தில் அடிபட்டார். அவர் இல்லாமல் டெக்சஸிடம் 49-17 என்று தோல்வி. அடுத்த வாரமே அவர் திரும்பினார். எல்.எஸ்.யூ., ஓல் மிஸ், ஃபுளோரிடா ஸ்டேட் மூன்றும் வரிசையாகத் தோற்றன. டெக்சஸும் எல்.எஸ்.யூ.வும் தேதி மாறி வந்திருந்தால் கதையே வேறு. தேதி எங்கே விழுகிறது, நடுவில் ஓய்வு வாரம் இருக்கிறதா, முந்தின சனிக்கிழமை யாரோடு ஆடிவிட்டு வருகிறார்கள் என்பதெல்லாம் கூட்டல் கழித்தலில் வராத சங்கதி. வயோமிங்கின் லாரமி மைதானம் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே போனால் கடைசிக் கால்மணி நேரத்தில் மூச்சு வாங்கும். இதற்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்?

பச்சையிலும் பச்சையான ஆட்டம் என்று நம்பியும் ஏமாறலாம். 2024 செப்டம்பரில் ஐந்தாம் இடத்தில் இருந்த நாட்டர் டேம், நார்தர்ன் இலினாய் அணிக்கு 14 லட்சம் டாலர் கொடுத்துத் தன் ஊருக்கு ஆட அழைத்தது. இந்த மாதிரி ஆட்டத்துக்குக் காசு கொடுப்பதே ஜெயிப்பதற்குத்தான். வந்தவர்கள் 16-14 என்று ஜெயித்துவிட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு போனார்கள். நாட்டர் டேம் அப்புறம் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது என்பது தனி.

தபால்காரர் அட்டைக்கு வருவோம். யு.சி.எல்.ஏ., மேரிலாண்ட், நார்த்வெஸ்டர்ன், நெப்ராஸ்கா, வாஷிங்டன், மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட். ஏழு சிவப்பு. இண்டியானா முதல் பத்தையும் ஜெயித்தது. சிவப்பு பலித்தது நவம்பர் 23 அன்று ஒஹாயோ ஸ்டேட்டிடம் மட்டும், 38-15. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் எல்லோரும் ‘இண்டியானாவின் அட்டவணை சப்பை, யாரை ஜெயித்தார்கள்?’ என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கோடையில் தபால்காரரைப் பயமுறுத்திய அதே 12 பெயர்கள்தான்.

கடைசி வரியில் பர்டூ. அதே மாநிலத்து அணி, பரம்பரைப் பகை. அந்த வரிக்கு மட்டும் அவர் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை. எந்த வருஷமானாலும், பர்டூ எவ்வளவு பலமாக இருந்தாலும், அட்டை வந்ததும் முதலில் அதற்குத்தான் பச்சை. அந்த வருஷம் 66-0.

வணக்கம்.