பீட்சா அடுப்புக்குக் கல் தேடும்போது

நேயர்களுக்கு வணக்கம். விறகில் எரியும் பீட்சா அடுப்பைத் தாமே கட்ட விரும்புவோர் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, மேல்வளைவை எப்படி வளைத்துக் கட்டுவது என்பதைத்தான். ஆனால், பீட்சா வைத்துச் சுடும் தளக்கல்லுக்கு என்ன வாங்குவது, அதன் அடியில் எதைப் பரப்புவது என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் வளைவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து முறையில் பீட்சா 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிட வேண்டும். அதற்குத் தளம் ஏறத்தாழ 400 பாகை செல்சியஸ் சூட்டிலும், வளைவு அதைவிட அதிகச் சூட்டிலும் இருக்க வேண்டும். அடிமாவு கல்லின் சூட்டில் வேக, மேலே உள்ள தக்காளியும் சீஸும் வளைவிலிருந்து இறங்கும் அனலில் வேகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும் என்பதுதான் சிக்கல். இரும்புத் தகட்டைத் தளமாகப் போட்டால், தோசைக்கல்லில் நமக்கு உதவும், சூட்டை விரைந்து கடத்தும் அதே குணம் இங்கே கெடுதலாகி, மேற்பகுதி வேகும் முன்பே அடிமாவு கரிந்துவிடும். அதனால்தான் நேப்பிள்ஸ்காரர்கள் சொரெண்டோ பகுதியில் செய்யப்படும், வெப்பத்தைத் தயங்கித் தயங்கி வெளிவிடும் ‘பிஸ்கோட்டோ’ என்ற சுட்டமண் பாளத்தைத் தேடிப் போகிறார்கள்.

நமக்கு அது எளிதில் கிடைக்காது. கடும் சூட்டைத் தாங்கும் ஃபயர் பிரிக் செங்கல் போதும். 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் கொண்ட சாதாரண ரகத்தையே வாங்குங்கள். உருக்காலை உலைகளுக்கான, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மிகுந்த கல் இன்னும் உயர்ந்ததாயிற்றே என்று சிலர் அதற்குப் பணம் கொடுக்கிறார்கள்; அது வெப்பத்தை இன்னும் விரைவாகக் கடத்தி, மாவைக் கரிக்கத்தான் உதவும். தக்கை போல் எடையற்ற வெள்ளைக் கற்களும் தளத்துக்கு ஆகா. அவை வெப்பத்தைச் சேர்த்து வைக்காததோடு, விறகுக் கட்டை மோதினாலே பெயர்ந்துவிடும்.

அடுப்பின் சுவரும் வளைவும் எத்தனை கனம் வேண்டும் என்பது எதைச் சுடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இலங்கைத் தமிழர் போறணை என்று அழைக்கும் பாண் (ரொட்டி) அடுப்பில் (போர்த்துக்கீசியரின் ‘ஃபோர்னோ’தான் அப்படி ஆயிற்று) நெருப்பை வாரி வெளியேற்றிவிட்டு, கல்லில் தேங்கிய சூட்டிலேயே சுடுவார்கள், அதற்குக் கனமான சுவர் வேண்டும். பீட்சாவுக்கோ ஓரத்தில் விறகு எரிந்துகொண்டே இருப்பதால், வளைவு நாலரை அங்குலம் இருந்தாலே தாராளம்.

சாந்து விஷயத்தில் நானே ஏமாந்தேன். முதல் அடுப்பைச் சாதாரண சிமெண்டும் ஆற்று மணலும் கலந்து கட்டினேன். சில மாதங்கள் நன்றாகவே எரிந்தது. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு 400 பாகையைத் தாண்டியதும் நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும் என்பதும், மழைக்காலத்து ஈரத்தில் அது மறுபடியும் நீர் குடித்து உப்பும் என்பதும், இணைப்புகள் மாவாக உதிர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தன. இப்போது கடும் சூட்டைத் தாங்கும் களிமண்ணான தீக்களிமண்ணின் சாந்தை மட்டுமே, அதுவும் மிக மெல்லிய பூச்சாக, பயன்படுத்துகிறேன். நெய்வேலிப் பகுதியிலேயே தீக்களிமண் கிடைக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் கருங்கல்லை உள்ளே வைக்கும் ஆசை வேண்டாம். பெரும்பாலான கருங்கற்களில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 பாகையில் திடீரென விரிவதால், நெருப்பை ஒட்டிய கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

தளத்தின் அடியில் வெப்பக்காப்பு இல்லாவிட்டால், எரிக்கும் விறகில் பெரும்பங்கு அடுப்பைத் தாங்கும் மேடையைச் சூடாக்கவே போகும். மாடித்தோட்டக்காரர்கள் வாங்கும், வெர்மிகுலைட் என்ற எடை குறைந்த கனிமத்தில் ஐந்து பங்கும் சிமெண்டில் ஒரு பங்கும் கலந்து 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள், தளக்கல்லுக்குக் கீழே சூடு குறைவு என்பதால் இங்கே சிமெண்ட் பிழைத்துக்கொள்ளும். வளைவின் மேல் செராமிக் இழைப் போர்வையை இரண்டு மூன்று அடுக்காகப் போர்த்திப் பூசிவிடலாம். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கு என்பதால், வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம் அணியுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை உட்புறத்தில் எங்கும் வைக்காதீர்கள்.

கட்டி முடித்த அடுப்பில் ஒரு வாரம் சிறு நெருப்பு மட்டும் மூட்டி, நாளுக்கு நாள் கூட்டுங்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஒரேயடியாக ஆவியானால் வளைவு பிளந்துவிடும். முழு நெருப்பு மூட்டும் நாளில் வளைவு முதலில் கரி பிடித்துக் கறுக்கும். பிறகு அந்தக் கரி தானே எரிந்து, கல் வெளுத்துத் தெரியும். அப்போது தளத்திலிருந்து தணலை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் பீட்சாவை உள்ளே விடலாம்.

நன்றி, வணக்கம்.