இடம் போதாத திரையில் படம் வரைந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீட்டுக் கணினிகளின் திரைப் படங்களைப் பற்றி வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இன்று நான் சொல்லப்போகும் படங்களில் பல, முதலில் சத்தமாகத்தான் இருந்தன. 1980களில் பிரிட்டனில் வீட்டுக் கணினி வைத்திருந்தவர்களுக்கு விளையாட்டுகள் சாதாரண ஆடியோ கேசட்டில்தான் வந்தன. டேப் ரெக்கார்டரின் ஒயரைக் கணினியில் செருகி ப்ளே பட்டனை அழுத்தினால், காதைக் குடையும் ஒரு கீச்சொலி ஓடும். நிரல், படம் எல்லாம் அந்த ஒலிக்குள்ளேயே இருக்கும். நெதர்லாந்தில் என்.ஓ.எஸ். வானொலி இப்படிப்பட்ட ஒலியையே ஒலிபரப்பியது. நேயர்கள் அதைக் கேசட்டில் பதிந்து கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். பயப்படாதீர்கள், இன்றைக்கு அந்தத் திட்டம் இல்லை.

இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற கணினியை எடுத்துக்கொள்வோம். கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்ட மாடலின் விலை 125 பவுண்டு. விளையாட்டு முழுவதும் ஏறச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், காத்திருப்பவர் பார்க்க ஒரு படத்தை முதலில் அனுப்புவார்கள். அது மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரை மூன்று பாகமாகப் பிரிந்து, ஒவ்வொரு பாகத்திலும் இடைவெளி விட்டுவிட்டுக் கோடுகள் விழும். அப்புறம் அந்த இடைவெளிகள் நிரம்பும். முழுதும் கறுப்பு வெள்ளையாக வந்து முடிந்த பிறகு, நிறங்கள் தனியாக மேலிருந்து கீழே இறங்கும். எல்லாம் சேர்த்து 40 விநாடி போல ஆகும்.

நிறம் ஏன் தனியாக வருகிறது? கணக்குப் போட்டால் விளங்கும். திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 192 புள்ளி, மொத்தம் 49,152. ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று மட்டும் குறித்து வைக்கவே 6,144 பைட் வேண்டும். புள்ளிக்குப் புள்ளி 16 நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டால் 24,576 பைட் ஆகிவிடும். கணினியில் இருப்பதே 16 கிலோபைட், அதாவது 16,384 பைட்! அதனால் திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட 768 கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம் என்று வைத்துவிட்டார்கள். அதற்கு வெறும் 768 பைட். படம் மொத்தமும் 6,912 பைட்டில் அடங்கிவிட்டது.

சிக்கனம் சரி, ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் பச்சை மரத்தைத் தாண்டி நடந்தால், அவன் நுழைந்த கட்டங்களில் மரமும் வெள்ளையாகிவிடும். அட்ரிபியூட் கிளாஷ் என்று இதற்குப் பெயர். ஸ்பெக்ட்ரம் ரசிகர்கள் இன்றும் இதைப் பாசத்தோடுதான் திட்டுகிறார்கள். இதற்குப் பதில் தேடிய விதங்கள்தான் எனக்குப் பிடித்தவை. 1984இல் வந்த நைட் லோர் என்ற விளையாட்டில், ஓர் அறைக்கு ஒரே நிறம். மஞ்சள் அறையில் எல்லாமே மஞ்சள், நாயகன் உட்பட. நிறத்தைத் துறந்ததால் நிறம் கசியும் தொல்லை போயிற்று. அந்த உழைப்பை முப்பரிமாணத் தோற்றத்தில் போட்டார்கள். விளையாட்டு ஏறும்போது வரும் அசையாத முகப்புப் படங்களை வரைந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். முகத்தின் விளிம்பும் தொப்பியின் விளிம்பும் கட்டத்தின் எல்லையோடு சரியாகப் பொருந்துகிற மாதிரி உருவத்தையே நகர்த்தி வைப்பார்கள். பார்ப்பவருக்குக் கட்டம் இருப்பதே தெரியாது.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். 1984இல் அமெரிக்காவில் நடந்த மின்னணுக் கண்காட்சி ஒன்றில், பின்னாளில் அமிகா என்று விற்பனைக்கு வந்த கணினியின் முன்மாதிரியைக் காட்டினார்கள். ஆர்.ஜே. மைக்கல், டேல் லக் என்ற இருவர் அதற்காக ஒரு செயல்விளக்கம் எழுதினார்கள். சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட பெரிய பந்து ஒன்று சுழன்றுகொண்டே துள்ளும். சுவரில் மோதும்போது அதிரும் அந்த ஓசை, கேரேஜ் கதவை அடித்துப் பதிவு செய்தது. வேறொரு பெரிய கணினியை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று சிலர் துணியைத் தூக்கிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பந்து சுழலவே இல்லை. வரைந்தது ஒரே ஒரு பந்துதான். அதன் கட்டங்களை மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிற எண் கொடுத்திருந்தார்கள். எந்த எண் சிவப்பு, எது வெள்ளை என்ற சின்னப் பட்டியலை மட்டும் கணினி வரிசையாக மாற்றிக்கொண்டே போகும். கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு ஓடுவதாகத் தெரியுமே, அதே வித்தைதான். துள்ளல்கூட மறுபடி வரைந்ததல்ல. திரை எந்த இடத்திலிருந்து படத்தைக் காட்டத் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றினார்கள். இத்தனைக்கும் செயலிக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

1985இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்காக டான் சில்வா எழுதிய டீலக்ஸ் பெயிண்ட் என்ற மென்பொருள், இந்த வித்தையை ஓவியர் கையில் கொடுத்தது. அமிகாவில் 4,096 நிறங்களிலிருந்து 32 எடுத்துத் திரையில் வைக்கலாம். அதில் நான்கைந்து நீலத்தை ஒதுக்கி, அருவியில் மாறி மாறிப் பூசிவிட்டுச் சுழற்சியை முடுக்கினால் தண்ணீர் கொட்ட ஆரம்பிக்கும். தீ, மழை எல்லாமே இப்படி வந்தவை.

கடைசியாக பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, ஓர் இளவரசனை நாயகனாகக் கொண்ட விளையாட்டு. அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் 1985இல் வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்து ஆப்பிள் டூ கணினிக்குள் ஏற்றினார். விளையாட்டு 1989இல் வந்தது. இளவரசனின் உடல் அவ்வளவு இயல்பாக அசைந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்த அசைவுகளே நினைவகத்தைத் தின்றுவிட்டதால், எதிராளி ஒருவனை வரைய இடமில்லாமல் போனது. மெக்னர் இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு பிட், அதாவது ஒரு புள்ளி அளவு, தள்ளி அதன் மேலேயே வைத்து, இரண்டும் வேறுபடும் புள்ளிகளை மட்டும் எரியவிட்டார். மினுமினுக்கும் ஒரு நிழல் மனிதன் கிடைத்தான். புதுப் படம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அந்த விளையாட்டில் மறக்க முடியாத பாத்திரம் அவன்தான் என்பேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இன்று 'பழைய பாணி' என்று வரும் விளையாட்டுகளில் கத்தியால் வெட்டின மாதிரி சதுரங்களைக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கணினி டி.வி.யோடுதான் இணைந்திருந்தது, அந்தக் கால டி.வி.யின் கண்ணாடிக் குழாயில் புள்ளிகளின் ஓரம் கசிந்து ஒன்றோடொன்று கலக்கும். அந்தக் கசிவை நம்பித்தான், இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, இல்லாத மூன்றாவது நிறத்தை வரவழைத்தார்கள். பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் இவற்றைப் பார்க்க ஆசைப்பட்டால், அந்தக் கண்ணாடிக் குழாய்த் திரையைப் போலக் காட்ட, சி.ஆர்.டி. ஃபில்டர் என்று ஓர் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டுப் பாருங்கள். வணக்கம்.